எட்டு மாசம், எட்டு கிலோ

கேள்வி: எங்க லேப்ரடார் ஜிம்மிக்கு ஆறு வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. போன வருஷம் 33 கிலோ இருந்தவன் இப்ப 41. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு தைராய்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு, 31க்கு கொண்டு வாங்கன்னு சொல்லிட்டார். ஒரு பின்னங்காலை லேசா இழுக்குறான், படி ஏற முடியல. வெயிட் குறைய மாத்திரை ஏதாவது இருக்கா? வாரத்துல ரெண்டு நாள் பட்டினி போடலாமா? பைக் பின்னாடி ஓட விடலாமா? நான் அளவாத்தான் வைக்கிறேன், காலையில ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். வீட்டுக்காரர் வச்சாரா இல்லையான்னு தெரியாது, அதனால எதுக்கும் நான் வச்சிடுவேன். (நாங்க ரெண்டு பேரும் எட்டு மாசமா பேசிக்கிறதில்ல, பண விஷயம், அடிதடி எல்லாம் இல்ல, அது வேற கதை, அதை விடுங்க.) பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. ராத்திரியில ஜிம்மிதான் அவர் ரூமுக்கும் என் ரூமுக்குமா நடந்துட்டே இருப்பான். ஒரு வழி சொல்லுங்க. (பெயர் வேண்டாம்)

பதில்: அதை விட மாட்டேன்மா. அடைப்புக்குறிக்குள்ள எழுதிட்டா நான் தாண்டிப் போயிடுவேன்னு நினைச்சீங்களா?

குண்டு நாய் லெட்டர் எனக்கு புதுசில்ல, எத்தனையோ படிச்சாச்சு, எல்லாத்துலயும் 'நாங்க அளவாத்தான் வைக்கிறோம்'னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். நான் கவலைப்படாதீங்கன்னு ஆரம்பிப்பேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. கவலைப்படுங்க. 31 கிலோ இருக்க வேண்டியவன் 41 இருக்கான்னா மூணுல ஒரு பங்கு கூடுதல், ஒரு மனுஷன் 60 கிலோ இருக்க வேண்டியவன் 80 கிலோவைத் தூக்கிட்டு நடக்குற மாதிரி, அதுவும் ஒரு கால் சரியில்லாம.

எட்டு மாசமா பேச்சு இல்ல. போன வருஷத்துக்கு இப்ப எட்டு கிலோ கூட. இந்த ரெண்டு எட்டையும் ஒரே லெட்டர்ல எழுதிட்டு ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி என்கிட்ட மாத்திரை கேக்குறீங்க!

ஒரு கிலோ கொழுப்புங்கறது ஏறக்குறைய 7,700 கலோரி. எட்டு கிலோவை எட்டு மாசத்துக்கு வகுத்துப் பாருங்க, நாளைக்கு 250 கலோரி சுமாருக்கு வரும். நாய்க்கு போடுற ட்ரை ஃபுட் 100 கிராம்ல பொதுவா 350 கலோரி பக்கம் இருக்கும் (பிராண்டுக்கு பிராண்டு மாறும், பாக்கெட் பின்னாடி பாருங்க), அப்ப 70 கிராம், ரெண்டு கைப்பிடி, அவ்ளோதான். அவனைக் குண்டாக்க ரெண்டாவது கிண்ணம் முழுசா கூட தேவைப்படல, நீங்க 'எதுக்கும்' வைக்கிறதுல கொஞ்சம் போதும்.

அந்த 'எதுக்கும்'ங்கற வார்த்தையைத்தான் நான் பிடிச்சுக்கிறேன். அவர் வச்சாரான்னு தெரியாதாம். ஏன் தெரியாது? அவர் வேற ஊர்லயா இருக்கார்? பத்தடி தள்ளி பக்கத்து ரூம்ல இருக்குற மனுஷன்கிட்ட 'வச்சாச்சா'ன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரல, ஆனா கூட ஒரு கிண்ணம் போட கை வருது. அந்தப் பக்கம் அவரும் இதையேதான் பண்ணிட்டு இருப்பார், எழுதி வேணா தரேன். அவ கோபத்துல இருக்கா, நாய்க்கு வச்சாளோ இல்லையோ, எதுக்கும் நாம வச்சிடுவோம்னு. உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப் போற ஒரே விஷயம் அந்த நாய் பட்டினி கிடக்கக் கூடாதுங்கறதுதான், அதைக் கூட தனித்தனியா பண்றீங்க.

ராத்திரி ரெண்டு ரூமுக்கும் நடக்குறான்னு எழுதியிருக்கீங்களே, அது அழகா இருக்குன்னு நினைச்சு எழுதினீங்களோ என்னவோ, எனக்கு படிக்கும்போதே பக்குனு இருந்துச்சு. அந்த வீட்டுல ரெண்டு கதவையும் தாண்டி வர்ற ஒரே ஜீவன் அவன்தான். வந்தவனை சும்மா அனுப்புறீங்களா? உங்க கட்டிலுக்குப் பக்கத்துல பிஸ்கட் டப்பா இருக்கா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க. அவர் ரூம்லயும் ஒண்ணு இருக்கும். கிண்ணம் கணக்குல இந்த டப்பா கணக்கு வரவே வராது, யாரும் எழுத மாட்டாங்க. நாய்க்கு ட்ரீட்டுன்னு குடுக்குறது எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றது இதுக்குத்தான்.

பாவமா பாக்குறானேன்னு சொல்லாதீங்க. நாய்க்கு உள்புருவத்தைத் தூக்கிப் பார்க்கன்னே ஒரு தசை இருக்கு, ஓநாய்க்கு அது ஒழுங்கா கிடையாதுன்னு 2019ல ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, மனுஷன் கூட வாழ்ந்து வாழ்ந்து வந்த பார்வை அது. அதுலயும் உங்களது லேப்ரடார். நாலுல ஒரு லேப்ரடாருக்கு பசியடங்குறதுக்கான ஒரு ஜீன்ல கொஞ்சம் காணாமப் போயிருக்குன்னு 2016லயே கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, அதுங்களுக்கு எவ்ளோ சாப்பிட்டாலும் போதும்ங்கறது சரியா வராது. ஆபரேஷன் பண்ணின நாய்க்கு வேற தேவையே குறைஞ்சிடும், பசி மட்டும் குறையாது. அதனால அவன் கேக்குறதை வச்சு அளவு போட முடியாது, போடுறவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடணும்.

இப்ப நீங்க கேட்ட மூணுக்கு வரேன்.

மாத்திரை கிடையாது. நாய் எடை குறைய அமெரிக்காவுல 2007ல ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, அது இப்ப விக்கிறதே இல்ல. மனுஷங்க சாப்பிடுற வெயிட் லாஸ் மாத்திரையை அவன் பக்கம் கொண்டு போனீங்கன்னா அடுத்த லெட்டர் எனக்கு எழுதாதீங்க.

பட்டினி கூடவே கூடாது. சாப்பாட்டை திடீர்னு நிறுத்தினா கொழுப்போட சேர்ந்து தசையும் போகும், ஏற்கெனவே இழுக்குற கால்ல இருக்குற தசையும்தான். தப்பு பண்ணினது ரெண்டு பெரியவங்க, பட்டினி மட்டும் அவனுக்கா? வாரத்துக்கு உடம்பு எடையில 1லேருந்து 2 சதவீதம் குறையிறதுதான் பத்திரம். 41 கிலோவுக்கு அது 400லேருந்து 800 கிராம். நிதானமா போனா 31க்கு வர ஆறேழு மாசம் ஆகும், எட்டு மாசம் ஏத்தினதை ஒரே மாசத்துல இறக்கணும்னு கேட்டா எப்படி?

பைக் பின்னாடி ஓட விடுறதை எவன் சொல்லிக் குடுத்தான்னு தெரியல. நாய்க்கு நம்ம மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளணும், கொழுப்பு போர்த்தின உடம்புல அது சீக்கிரம் முடியாம போயிடும், உயிருக்கே ஆபத்து. மூட்டும் போயிடும். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம் பத்து நிமிஷம், மெதுவா நடக்க விடுங்க, ஒரு வாரம் போனா ரெண்டு மூணு நிமிஷம் கூட்டுங்க, காலை அதிகமா இழுத்தா அன்னிக்கு நிறுத்திடுங்க. பந்து எறியறது, தாவுறது எல்லாம் கால் சரியாகுற வரைக்கும் வேணாம். அப்புறம் நடையால மட்டும் எடை குறையும்னு நம்பாதீங்க, நடக்குறது தசைக்கும் மூட்டுக்கும், குறையிறது கிண்ணத்துலதான்.

கிண்ணம்னதும் ஞாபகம் வருது, முதல்ல அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போடுங்க. கிண்ணம் ஒரு அளவே இல்ல, நீங்க ரொப்புற கிண்ணம் வேற, அவர் ரொப்புற கிண்ணம் வேற, கோபம் இருக்குற அன்னிக்கு ரொப்புறது இன்னும் வேற. சமையலுக்கு வச்சிருக்குற தராசுல கிராம் பார்த்து போடுங்க. டாக்டருங்க கணக்கை இப்ப இருக்குற எடைக்கு போட மாட்டாங்க, வரவேண்டிய எடைக்குத்தான் போடுவாங்க. 31ஓட 0.75 அடுக்கை 70ஆல பெருக்கினா நாளைக்கு 920 கலோரி கிட்ட வரும். அதுல 90ஐ ட்ரீட்டுக்கு ஒதுக்கிட்டா மிச்சம் 830, 350 கலோரி உள்ள ட்ரை ஃபுட்னா 240 கிராமுக்கு கொஞ்சம் கம்மி, நான் சொல்றது ஒரு நாளைக்கு, ரெண்டு வேளையும் சேர்த்து, ரெண்டு பேரும் சேர்த்து. இது ஆரம்பக் கணக்குதான், உங்க டாக்டர் பார்த்து ஏத்தி இறக்குவார். சாதாரண டாக் ஃபுட்டையே இவ்ளோ குறைச்சா சத்துப் பத்தாம போகலாம், அதனால எடை குறைக்கன்னே புரோட்டீனும் நாரும் கூட்டி செஞ்ச சாப்பாடு எது அவனுக்கு ஒத்து வரும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பழைய சாப்பாட்டுலேருந்து அதுக்கு ஒரு வாரம் பத்து நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

ராத்திரி ரூமுக்கு வந்தா குடுக்க ஏதாவது வேணும்னா வேகவச்ச பீன்ஸ், கேரட், வெள்ளரிக்காய் துண்டு, உப்பு கிப்பு இல்லாம. திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலா சூயிங்கம் மாதிரி ஐட்டத்துல போடுற இனிப்பு) போட்ட எதுவும் கிட்ட வரக் கூடாது, விஷம். ஆனா ஒண்ணு, அவன் ராத்திரி வர்றது பசிக்குத்தான்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. தலையைத் தடவிக் குடுத்துப் பாருங்க, பாதி நாள் அதுவே போதும்னு படுத்துடுவான்.

குறையுதா இல்லையான்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது, தினம் பார்க்குறவங்களுக்கு தெரியாது. கையால பாருங்க. கையை முஷ்டியா மடக்கி முட்டி மேல விரலை ஓட்டுங்க, விலா அப்படி தட்டுப்பட்டா ரொம்ப மெலிவு. கையை விரிச்சு புறங்கை மேல ஓட்டினா எப்படி எலும்பு லேசா தெரியுதோ அதுதான் சரி. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா குண்டு. மேலேருந்து பார்த்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கணும். உங்க ஜிம்மிக்கு இப்ப உள்ளங்கையை விட மெத்துன்னு இருக்கும்.

ஒரு நல்ல விஷயம் சொல்லவா, மூட்டுத் தேய்மானத்தால நொண்டுற குண்டு நாய்ங்களுக்கு எடை 6 சதவீதம் குறைஞ்சாலே நடையில வித்தியாசம் தெரியுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. ஜிம்மிக்கு அது ரெண்டரை கிலோ. அவன் கால் இழுக்குறது மூட்டாலதானா, தசைநார் கிழிசலான்னு டாக்டர் தொட்டுப் பார்த்து சொல்லணும், அதை விட்டுடாதீங்க. இன்னொண்ணு, 48 லேப்ரடாரை குட்டியிலேருந்து சாகுற வரைக்கும் வச்சுப் பார்த்து 2002ல வெளியிட்டாங்க, கூடப் பிறந்ததுங்களை விட கால் பங்கு கம்மியா சாப்பிட்ட நாய்ங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட இருந்துச்சு, 11.2க்கு 13. ஆறு வயசு நாய்க்கு ரெண்டு வருஷம் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ கோபம்னு கேப்பீங்க. நானும் என் மாமியாரும் முகம் குடுத்து பேசாத காலம் ஒண்ணு இருந்துச்சு. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருந்தா, நாய்தான், அவங்க கையால ஒரு வேளை, என் கையால ஒரு வேளை, அவ என்கிட்டதான் பிரியமா இருக்கான்னு காட்டிக்க நடுவுல ஒண்ணு. கடைசி ரெண்டு வருஷம் அவ எழுந்து நிக்கவே ஆள் வேணும். என் மாமியார் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் பிடிச்சு தூக்குவோம், அப்பதான் நாங்க மறுபடி பேச ஆரம்பிச்சோம். அது வரைக்கும் போக வேண்டியதே இல்ல.

பண விஷயத்துல யார் மேல தப்புன்னு நான் கேக்கல, நீங்களும் எழுதல, அவர் மேலயே இருக்கட்டும், நியாயமான கோபமாவே இருக்கட்டும். கோபம் இருந்தா சண்டை போடுங்க, நல்லா சத்தம் போட்டு ஒரு நாள் போட்டுத் தீருங்க. ஆனா ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு வாயில்லா ஜீவனுக்கு வச்ச சாப்பாட்டைப் பத்திக்கூட கேக்க மாட்டேன்னு இருக்குறதுக்கு பேரு ரோஷம் இல்ல, கடமை தவறுறது. பொண்ணு லீவுக்கு வந்து நாயைப் பார்த்துட்டு 'என்னம்மா இப்படி ஆயிட்டான்'னு கேட்டா என்ன சொல்வீங்க? அவளுக்கு கணக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க, இந்த மாதிரி கணக்கை பிள்ளைங்க நம்மள விட வேகமா போடும்.

வேற யாராவதா இருந்தா சமையலறையில ஒரு போர்டு மாட்டுங்க, வச்சவங்க டிக் போடுங்கன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். போர்டு மாட்டினா இன்னும் எட்டு மாசம் பேசாம ஓட்டிடுவீங்க, உங்களுக்கு அது ரொம்ப சௌகரியமா போயிடும். வாயால கேளுங்க. இன்னிக்கு ராத்திரியே அவர் ரூம் வாசல்ல நின்னு 'ஜிம்மிக்கு வச்சாச்சா?' வேற எதுவும் பேச வேணாம், பணத்தைப் பத்தி எடுக்கவே எடுக்காதீங்க. அவர் ஆமாம்னா நீங்க வைக்காதீங்க. இல்லன்னா தராசை எடுங்க. பதிலே சொல்லலைன்னா அங்கேயே நில்லுங்க, நாய் ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பார்க்கும், பார்க்கட்டும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே கிளினிக்ல அதே மெஷின்ல எடை பாருங்க, ஒரு மாசமாகியும் அசையலன்னா அளவை இன்னும் குறைக்கணுமான்னு டாக்டர் சொல்வார். வீட்டு மெஷின்ல அவனைத் தூக்கிட்டு நிக்கலாம்னு பார்க்காதீங்க, 41 கிலோவை உங்களால தூக்க முடியாது. கிளினிக் மெஷின்லயும் அவன் சும்மா நிக்க மாட்டான், ஒருத்தர் கயிறைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் குனிஞ்சு நம்பரைப் பார்த்து சொல்லணும். அவரையும் கூட்டிட்டுப் போங்க. கயிறை நீங்க பிடிங்க, நம்பரை அவர் சொல்லட்டும்.