வாசகர் கேள்வி–பதில்: கோப்பு இருந்தும் படைப்பு காணாமல் போவது ஏன்?

கேள்வி: ஓவியம் மங்கும், சிற்பம் சிதையும்; அவற்றைச் சீர்செய்ய வேண்டியிருப்பது புரிகிறது. ஆனால் இணையத்துக்கென்றே உருவாக்கப்பட்ட கலைப்படைப்புகள் வெறும் கணினிக் கோப்புகள்தானே? பிரதி எடுத்து வைத்தால் போதாதா?

பதில்: கோப்பு அப்படியே இருக்கும்; அதை இயக்கிக் காட்டிய சூழல்தான் மறைந்துவிடுகிறது. 1990களின் இணையப் படைப்பில் அன்றைய உலாவி, சர்வர், திரையின் அளவு, தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய மோடத்தின் வேகம் ஆகிய அனைத்தும் அடக்கம். ரஷ்யக் கலைஞர் ஒலியா லியாலினா 1996இல் உருவாக்கிய ஒரு படைப்பில், போரிலிருந்து திரும்பிய காதலனும் அவனுடைய காதலியும் பேச முயல்கிறார்கள். சொடுக்கச் சொடுக்கக் கறுப்புத் திரை மேலும் சிறு சட்டங்களாகப் பிரிகிறது. மோடம் காலத்தில் ஒவ்வொரு சட்டமும் நிரம்பச் சற்று நேரம் பிடித்தது. அந்தத் தாமதத்தைப் பார்வையாளர் அவ்விருவருக்கும் இடையிலான மௌனமாக உணர முடிந்தது. இன்றைய இணைப்பில் எல்லாம் நொடியில் திறந்துவிடுவதால், ஓர் எழுத்துகூட மாறாமலேயே அந்த மௌனம் போய்விட்டது.

இதையாவது இன்றும் பார்க்க முடிகிறது. வலைப்பக்கத்துக்குள் ஓடிய சிறு நிரல்களான ஜாவா ஆப்லெட்டுகளையும், அசைவூட்டப் படைப்புகளுக்கான ஃபிளாஷ் மென்பொருளையும் நம்பியிருந்த படைப்புகளோ இன்றைய உலாவிகளில் தாமாக இயங்குவதே இல்லை. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே கோப்புகளை இயக்க மறுத்தது.

கேள்வி: அப்படியென்றால், இன்றைய பார்வையாளருக்கு ஏற்றபடி புதிய நிரலில் மாற்றி எழுதிவிடலாமே?

பதில்: எழுதலாம்; எதை மாற்றினோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும் வரையில் அது மறுசீரமைப்பு, தெரியாவிட்டால் அது வேறொரு படைப்பு என்பது என் கருத்து. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் எடுத்த முடிவை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். டக்ளஸ் டேவிஸ் 1994இல் தொடங்கிய 'உலகின் முதல் கூட்டு வாக்கியம்' என்ற படைப்பில் யார் வேண்டுமானாலும் தொடர்ந்து எழுதலாம். முற்றுப்புள்ளி வைத்து முடிக்க மட்டும் கூடாது. காலப்போக்கில் அது செயலிழந்தது; அதிலிருந்த இணைப்புகள் பலவும் அறுந்துபோயின. 2013இல் அதை மீட்டபோது, சிதைவுகளோடு கூடிய பழைய வடிவத்தை அப்படியே ஒருபுறம் வைத்து, மக்கள் மீண்டும் எழுதக்கூடிய உயிருள்ள வடிவத்தை மறுபுறம் திறந்துவிட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயமே இல்லை என்று காட்டியதுதான் அதன் சிறப்பு.

குகன்ஹைம் அருங்காட்சியகம் வேறு வழியில் சென்றது. ஷூ லீ சாங் 1998–99இல் அதற்காக உருவாக்கிய 'பிராண்டன்' படைப்பில் ஜாவா ஆப்லெட்டுகள் செயலிழந்திருந்தன. நியூயார்க் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையினரோடு சேர்ந்து, அவற்றின் நடத்தையை இன்றைய உலாவிகள் புரிந்துகொள்ளும் நிரலில் மீண்டும் எழுதினார்கள். பழைய வரிகளை அழிக்காமல், இயங்காத நிலையில் மூல நிரலிலேயே விட்டுவைத்தார்கள். நாளை எவரும் அந்தத் தலையீட்டைப் பிரித்தறியலாம். மூன்றாவது வழி எமுலேட்டர்: பழைய கணினியையும் உலாவியையும் மென்பொருளாகவே உருவாக்கி, அதற்குள் படைப்பை ஓடவிடுவது. படைப்பைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் முடிந்த இடத்திலெல்லாம் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1996இல் தொடங்கப்பட்ட, டிஜிட்டல் கலைக்கான ரைசோம் அமைப்பு, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகம் உருவாக்கிய எமுலேட்டர் சேவையைக் கொண்டு, 1990களின் குறுந்தட்டு விளையாட்டுகளை 2015இல் சாதாரண உலாவியிலேயே விளையாடும்படி செய்தது.

கேள்வி: திரைப்பிடிப்போ காணொளிப் பதிவோ போதாதா?

பதில்: துணை ஆவணமாகக் கட்டாயம் வேண்டும், படைப்புக்கு மாற்றாக ஆகாது. ஜோன் ஹீம்ஸ்கெர்க், டிர்க் பேஸ்மன்ஸ் இருவரும் ஜோடி என்ற பெயரில் 1995இல் வெளியிட்ட பக்கம், பார்ப்பதற்கு ஒழுங்கற்ற பச்சைக் குறியீடுகளின் குவியல். மூல நிரலைத் திறந்தால் அதே குறியீடுகளால் வரையப்பட்ட வெடிகுண்டின் வரைபடம் தெரியும். திரைப்பிடிப்பில் மிஞ்சுவது குவியல் மட்டுமே.

கேள்வி: நான் முன்பு ஃபிளாஷில் செய்த சில படைப்புகள் பழைய கணினி ஒன்றில் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த வன்தட்டை முழுமையாகப் பிரதியெடுங்கள், இயக்கும் கோப்பு மட்டுமல்லாமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்துருக்கள், ஒலிகள் அனைத்தும் தேவைப்படும். பிறகு ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரில் இயக்கிப் பாருங்கள். பழைய எளிய படைப்புகள் பெரும்பாலும் ஓடிவிடும், சிக்கலான நிரல் கொண்டவை தடுமாறலாம். சர்வரிலிருந்து தரவு பெற்றவற்றுக்கு அந்தச் சர்வரின் பகுதியும் வேண்டும். இணையத்தில் இன்னும் பக்கமாக இருப்பவற்றை, இணையக் காப்பகங்கள் பயன்படுத்தும் வார்க் வடிவத்தில் பதிவுசெய்யுங்கள். இவற்றோடு ஒரு குறிப்பும் எழுதுங்கள்: எந்த வேகத்தில் நகர வேண்டும், எங்கே ஒலி தொடங்க வேண்டும், எது தற்செயல், எது திட்டமிட்டது, பிற்காலத்தில் ஒருவர் எதை மாற்றினால் உங்களுக்குச் சம்மதம். பெரும்பாலான மீட்புப் பணிகளில் கலைஞரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. பிறருடைய படங்களையோ இசையையோ பயன்படுத்தியிருந்தால், அவர்களின் அனுமதியையும் இப்போதே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.