பழைய அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பந்தய நாய்க்கு வைக்கலாமா? அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வைக்கலாம். ஆனால் நாயின் மேல் வைப்பதற்கு முன் மெஷினைச் சோதித்துவிடுங்கள். சென்னையில் பிசியோதெரபி கருவிகளை சர்வீஸ் செய்வதுதான் என் வேலை, வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாயும் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். (ஸ்கேன் எடுக்கிற மெஷினைச் சொல்லவில்லை, ஜெல் தடவி மூட்டில் தேய்ப்பார்களே, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பிச் சூடேற்றுவது, அது.)

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் செவலை கொட்டிவாக்கம் கடற்கரையில் முழு வேகத்தில் ஓடித் திரும்பும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டது, அப்புறம் சரியாக ஊன்றாமல்தான் வீடு வந்து சேர்ந்தாள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது, தசைதான், முதல் மூன்று நாள் ஐஸ், அதற்கப்புறம் அல்ட்ராசவுண்ட் வைக்கலாம் என்றார். தெரிந்த கிளினிக்கில் சும்மா கிடந்த மெஷினை வாங்கி வந்து பத்து நாள் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பதினோராவது நாள் சந்தேகப்பட்டு ஹெட்டின் (கையில் பிடித்துத் தோலில் தேய்க்கும் பகுதி) மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தால் அசையவே இல்லை. திரையில் 1.5 என்று காட்டுகிறது, டைமர் ஓடுகிறது, முடிந்ததும் பீப் சத்தம் வருகிறது, ஆனால் ஹெட்டின் கழுத்துப் பக்கம் கேபிளுக்குள் கம்பி அறுந்து கிடக்கிறது. பத்து நாளும் அவளுக்குக் கிடைத்தது வெறும் ஜெல் மசாஜ்தான். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

இதைவிட ஆபத்து, காட்டுவதைவிட அதிகமாக வெளியே வரும் மெஷின். மனிதர் என்றால் "சுடுது" என்று உடனே சொல்வார். நாய் முகத்தைத் திருப்பும், காலை இழுக்கும், நாம் "அசையாதே" என்று அழுத்திப் பிடிப்போம். சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் எல்லாம் கொழுப்பே இல்லாத உடம்பு, பல இடங்களில் தோலுக்கு அடியிலேயே எலும்பு. எலும்புதான் இந்த ஒலியை அதிகமாக உறிஞ்சும், அதன் மேலுறையில்தான் முதலில் வலி வரும். அதனால் காலை இழுத்தால் அதைப் புகாராகவே எடுத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள்.

சரி, சோதனை. வீட்டில் செய்யக்கூடியது இது: ஹெட்டின் ஓரத்தைச் சுற்றி அகலமான செல்லோடேப்பை ஒரு கரை மாதிரி ஒட்டி, மேல் நோக்கிப் பிடித்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அப்புறம் ஆன் செய்து அளவை மெதுவாக ஏற்றுங்கள். தண்ணீர் நடுங்கிக் குமிழ் விட்டால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். 1 மெகாஹெர்ட்ஸ், 3 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அதிர்வெண்ணிலும் பாருங்கள், ஒன்று மட்டும் செத்துப்போன மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடும்போதே கேபிளை ஹெட் பக்கத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள், விட்டுவிட்டு வந்தால் கம்பி போகப்போகிறது. காய்ந்த ஹெட்டைக் காற்றில் ஓட விடாதீர்கள், சூடேறி, ஒலியை உண்டாக்கும் கிரிஸ்டல் போய்விடும்.

ஆனால் எவ்வளவு வருகிறது என்பதைத் தண்ணீர்ச் சொட்டு சொல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் பவர் மீட்டர் வேண்டும். அது உண்மையில் ஒரு தராசுதான்: தண்ணீருக்குள் இருக்கும் ஒரு இலக்கை ஒலி தள்ளும் விசையை எடையாகக் காட்டுகிறது, 1 வாட்டுக்கு ஏறக்குறைய 68 மில்லிகிராம். ஹெட்டின் மேலேயோ மேனுவலிலோ ஈ.ஆர்.ஏ. (ERA) என்று ஒரு எண் இருக்கும், ஒலி உண்மையாக வெளிவரும் பரப்பு அது, ஹெட்டின் முகத்தைவிடச் சிறியது. அது 4 சதுர செ.மீ. என்று வையுங்கள். திரையில் ச.செ.மீ.க்கு 1 வாட் என்றால் மொத்தம் 4 வாட் வர வேண்டும், அதாவது 270 மில்லிகிராம் பக்கம். 20 சதவீதம் கூடக் குறைய இருந்தால் ஏற்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும், கரைந்திருக்கும் காற்று குமிழாக ஒட்டினால் அளவு பொய்யாகிவிடும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் "பவர் மீட்டர் கொண்டுவருவீர்களா" என்று முதலில் கேளுங்கள். வேறு மெஷினின் ஹெட்டை மாற்றிப் போட்டிருந்தால் அளக்காமல் தொடவே கூடாது, ஹெட்டும் மெஷினும் ஒன்றுக்கொன்று பொருத்தி அளவு வைத்தவை.

நாய்க்கு வைக்கும்போது முடியை மழித்தே ஆக வேண்டும். குட்டை முடிதானே என்று விடாதீர்கள், முடிக்குள் சிக்கிய காற்று ஒலியைத் தடுத்துவிடும், ஜெல் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே சூடு ஏறாது, இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மழித்த தொடையில் 3.3 மெகாஹெர்ட்ஸ், ச.செ.மீ.க்கு 1.5 வாட், 10 நிமிடம் வைத்து அளந்த 2001 ஆய்வில் 1 செ.மீ. ஆழத்தில் 4.6 டிகிரி செல்சியஸும் 3 செ.மீ. ஆழத்தில் 2.4 டிகிரியும் ஏறியது, நிறுத்திய 10 நிமிடத்துக்குள் இறங்கியும்விட்டது. எனவே இறுகிய தசையை நீட்டிவிடுவதென்றால் மெஷினை வைத்த உடனே செய்யுங்கள், டீ குடித்துவிட்டு வந்து செய்தால் பலன் போய்விடும். ஈ.ஆர்.ஏ.வைப் போல இரண்டு மடங்கு பரப்புக்கு மேல் ஒரே நேரத்தில் தேய்க்காதீர்கள், ஹெட்டை ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. அடிபட்ட முதல் மூன்று நாள் சூடு வேண்டாம். வளரும் குட்டியின் மூட்டு, சினை வயிறு, கண், கட்டி, சீழ் வைத்த இடம், இவற்றின் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. கிரேஹவுண்ட் பந்தயம் பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றும் தடத்தில் நடப்பதால் திருப்பத்தில் வலது பின்னங்காலின் குதிமூட்டுக்குப் பாரம் அதிகம், அங்கே சின்ன எலும்பு உடைவது அவற்றுக்கு வழக்கமான காயம். வெளியே பார்த்தால் சுளுக்கு மாதிரியே இருக்கும். உங்கள் நாய் குதிமூட்டில் வீங்கி ஊன்றாமல் நின்றால் மெஷினை எடுக்காதீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் டாக்டரிடமோ போய் எக்ஸ்ரே எடுங்கள்.

செவலைக்குக் கேபிள் மாற்றி, அளந்து, மறுபடி மூன்று வாரம் வைத்தேன். கூடவே கயிற்றில் பிடித்து நடை மட்டும், ஓட்டம் கிடையாது. ஆறாவது வாரம் ஓடினாள். அதில் ஓய்வின் பங்கு எவ்வளவு, மெஷினின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது, மனிதர்களிடமே இந்தச் சிகிச்சையின் பலனுக்கு வலுவான ஆதாரம் குறைவுதான். ஓய்வை மட்டும் எதற்காகவும் குறைக்க மாட்டேன்.