ஒய் குரோமோசோம் இருந்தாலே ஆண்தானா?

எக்ஸ்ஒய் என்றால் ஆண், எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரி, ஆனால் ஆணா பெண்ணா என்ற திசையைத் தீர்மானிப்பது முழு ஒய்யும் அல்ல, அதிலுள்ள எஸ்ஆர்ஒய் என்ற ஒரு மரபணு. மனிதக் கருவில் சுமார் ஆறு வாரம் வரை இனப்பெருக்கச் சுரப்பி விந்தகமாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். அப்புறம் எஸ்ஆர்ஒய் செயல்பட்டு சாக்ஸ்9 என்ற மரபணுவைத் தூண்டிவிட, அங்குள்ள செல்கள் செர்டோலி செல்களாகி (பின்னாளில் விந்தணு வளரத் துணைபுரிபவை இவை) விந்தகம் உருவாகிறது. மற்றதையெல்லாம் ஹார்மோன்கள் பார்த்துக்கொள்ளும்.

1991இல் எக்ஸ்எக்ஸ் சுண்டெலிக் கருவில் இந்த மரபணுவை மட்டும் சேர்த்தார்கள். பிறந்தது ஆண்! விந்தகம் இருந்தது, விந்தணு இல்லை, ஏனென்றால் அதற்கு ஒய்யின் வேறு மரபணுக்களும் வேண்டும்.

எஸ்ஆர்ஒய் இல்லாவிட்டால் சூலகம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், டபிள்யூஎன்டி4, ஆர்எஸ்பிஓ1 போன்ற மரபணுக்கள் அதற்காக உழைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு ஜப்பானின் அமாமி தீவில் வாழும், முள்போன்ற மயிர் கொண்ட ஓர் எலி இனம் (ஆங்கிலத்தில் ஸ்பைனி ரேட்). அதற்கு ஒய்யும் கிடையாது, எஸ்ஆர்ஒய்யும் கிடையாது, ஆனாலும் ஆண்கள் பிறக்கின்றன. ஆண்களில் மட்டும் சாக்ஸ்9 அருகே ஒரு டிஎன்ஏ துண்டு இரட்டித்திருப்பதை 2022இல் கண்டறிந்தார்கள்.