எஸ்தோனியா நாட்டார் வழக்கும் பசங்க குழுவும்: கேட்டீங்க, சொல்றேன்

வணக்கம். எஸ்தோனியாவுல தார்த்துங்கற ஊருக்கு நாட்டார் வழக்காற்றியல் படிக்க வந்தேன், படிச்சு முடிச்சும் ஊருக்கு கிளம்பல. நாலு வருஷமா தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பத்துப் பன்னெண்டு பசங்களோட பழைய நாட்டுப்புறப் பாட்டுக்குன்னு ஒரு குழு ஓட்டறதுல கூட நிக்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் போடறேன், டைப்பிங் தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மீனா: அக்கா, அங்க பெரிய ஆவணக்காப்பகமே இருக்குன்னு சொல்வாங்களே, அப்புறம் பசங்க குழு எதுக்கு?

நல்ல இடத்துல ஆரம்பிச்சிருக்கம்மா. 1888ல யாக்கோப் ஹுர்ட்னு ஒரு பாதிரியார், உங்க ஊர் பாட்டு, கதை, நம்பிக்கை எல்லாம் எழுதி அனுப்புங்கன்னு பத்திரிகையில வேண்டுகோள் விட்டாரு. வாத்தியார், விவசாயி, சாதாரண ஆளுங்கன்னு 1,400 பேர் கிட்ட எழுதி அனுப்பி, அவர் கையில சேர்ந்தது மட்டுமே சுமார் 1,15,000 பக்கம். 1927ல இதுக்குன்னே தார்த்துல காப்பகம் வந்துச்சு. இன்னிக்கும் மொத்த நாட்டுக்கே 13 லட்சம் சொச்சம் பேர்தான், அதை வச்சுப் பாருங்க அது எவ்ளோ பெரிய குவியல்னு. அதனால காகிதத்துக்கு பஞ்சமில்ல, தொண்டைக்குத்தான் பஞ்சம். பொட்டிக்குள்ள இருக்கற பாட்டை எடுத்து வாயில போட ஆள் வேணும், என் குழு அதுக்குத்தான்.

கார்த்தி: எத்தனை பேர் வேணும், ரெஜிஸ்டர் பண்ணனுமா?

அஞ்சு பேர் போதும். ரெண்டே பேர் இருந்தா சங்கமா பதிவு பண்ணிடலாம், ஆனா முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீங்க. தலைவர் யாரு செயலாளர் யாருன்னு பேசியே மூணு மாசம் போயிடும், பாட்டு ஒண்ணு கூட வராது. ஊர்ல கலாச்சாரக் கூடம்னு ஒண்ணு இருக்கும், இல்லன்னா இளைஞர் மையம், வாரத்துல ஒரு சாயங்காலம் சாவி கேட்டு வாங்குங்க, டீயும் பன்னும் வைங்க, அவ்ளோதான்.

ராகவி: டீன் ஏஜ் பசங்க பாட வெக்கப்படுவாங்களே?

படுவாங்க, பயங்கரமா. இங்கதான் ரெகிலவுல்ங்கற பழைய பாட்டு முறை கை கொடுக்குது. ஒரு அடிக்கு எட்டு அசை, மோனை மோனையா விழும். முன்பாட்டுக்காரர் ஒரு அடி சொல்வார், கடைசி ரெண்டு அசையிலயே மத்தவங்க சேர்ந்து புடிச்சு அதே அடியை திருப்பி பாடுவாங்க. யாரும் எதையும் மனப்பாடம் பண்ண வேணாம், தனியா நிக்கவும் வேணாம், அடி மறந்தா முன்பாட்டுக்காரர் சொந்தமா ஒண்ணு கட்டிக்கலாம். எங்க குழுவுல ஒரு பையன் ஆறு மாசம் வாயே திறக்கல, ஒரு நாள் பஸ் லேட்டானதை வச்சு எட்டு அசையில திட்டி ஒரு அடி போட்டான், மொத்த ரூமும் அதை திருப்பிப் பாடுச்சு. அன்னிலேர்ந்து அவன்தான் முன்பாட்டு.

ஜோ: மேடை நிகழ்ச்சி எப்போ போடலாம்?

போடாதீங்க, ப்ளீஸ்! வீடு வீடா போங்க. நவம்பர் 9 ராத்திரி மார்டி வேஷம், 24 ராத்திரி காட்ரி வேஷம், ரெண்டுமே வேஷம் கட்டி வீடு வீடா பாடப் போற பழைய வழக்கம். மார்டி கருப்பு உடுப்பு, முகமூடி, வயல் விளைச்சல் சம்பந்தப்பட்டது, தரையில தானியம் வீசுவாங்க. காட்ரி வெள்ளை உடுப்பு, ஆடு மாடு சம்பந்தப்பட்டது. வாசல்ல நின்னு நகமெல்லாம் விறைக்குது உள்ள விடுங்கன்னு பாடணும், உள்ள போய் விடுகதை போடணும், ஆசீர்வாதம் சொல்லணும், ஆப்பிளோ மிட்டாயோ வாங்கிட்டு வரணும். இப்ப பத்து நாள் முன்னாடியே பசங்க வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வர்ற ஹாலோவீன் வந்து போயிடுது, அதனால முதல் வருஷம் ஒரு வீட்ல அந்தப் பாட்டியம்மா கதவைத் திறந்து மிட்டாயை நீட்டிட்டு மூடப் பாத்தாங்க. எங்க பொண்ணு ஒருத்தி டக்குன்னு "ஒரு வாத்து, நாலு மூக்கு, அது என்ன?"ன்னு கேட்டா. பாட்டி அப்படியே நின்னு, "தலையணை"ன்னு சொன்னாங்க, உள்ள கூப்பிட்டாங்க, நாங்க கிளம்பறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

சுதா: பெரியவங்க கிட்ட ரெக்கார்ட் பண்றது எப்படி?

ஃபோனே போதும், ஓடற ஃப்ரிட்ஜ் பக்கத்துல மட்டும் உக்காராதீங்க. "நாட்டுப்புறப் பாட்டு சொல்லுங்க"ன்னு கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னுதான் வரும், "சின்ன வயசுல மார்டிக்கு என்ன வேஷம் போட்டீங்க"ன்னு கேளுங்க, தானா கொட்டும். பேர், ஊர், பிறந்த வருஷம், தேதி குறிச்சுக்கோங்க. முக்கியமா எதுக்கு அனுமதின்னு தனித்தனியா கேளுங்க, குழுவுக்குள்ள கேக்க, காப்பகத்துக்கு குடுக்க, நெட்ல போட, மூணும் வேற வேற. நான் ஒரு பாட்டி வீடியோவை ஆர்வக்கோளாறுல நெட்ல போட்டுட்டேன், அவங்க பேரன் ஃபோன் பண்ணி கிழிச்சுட்டான், கிழிச்சது நியாயம்தான். பாட்டி என் கிட்ட பாடினாங்க, ஊருக்கு பாடல. ரெக்கார்டிங்கை காப்பகத்துக்கு குடுத்துடுங்க, பழைய ஒலிப்பதிவு வேணும்னா அவங்க கிவிகேங்கற டிஜிட்டல் களஞ்சியத்துல தேடலாம்.

விக்னேஷ்: பணம்?

கலாச்சார நிதியம் ஒண்ணு இருக்கு, மது, புகையிலை, சூதாட்ட வரியிலேர்ந்து அதுக்கு பங்கு போகுது. குடிக்கறவன் புண்ணியத்துல பாட்டு வாழுது. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தோட ஒற்றுமைத் திட்டம், 18லேர்ந்து 30 வயசுக்குள்ள அஞ்சு பேர் சேர்ந்தா கேக்கலாம்.

ப்ரியா: பாரம்பரிய உடுப்பு வாங்கணுமா?

அவசரமே இல்ல. ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்துக்கும் தனி டிசைன், ஆளுக்கு ஒண்ணுன்னு கலந்து கட்டினா பெரியவங்க முகம் சுளிப்பாங்க. கிஹ்னு தீவுல பாவாடைல இருக்கற கோடுகளோட நிறத்தை வச்சே அந்தம்மா துக்கத்துல இருக்காங்களான்னு சொல்லிடுவாங்க, சிவப்பு அதிகம்னா சந்தோஷம். இதெல்லாம் தெரியாம ஆன்லைன்ல வாங்கிப் போட்டா நாமளே காமெடி பீஸ்.

அருண் (தல்லின்): என் பொண்ணு எஸ்தோனிய ஸ்கூல்ல படிக்கறா, நாங்க வெளிநாட்டுக்காரங்க, சேத்துப்பாங்களா? செட்டோ பாட்டும் கத்துக்கணும்கறா.

தாராளமா அண்ணா. எங்க குழுவுல ரெண்டு பேர் வீட்ல ரஷ்யன் பேசறவங்க, அவங்களுக்கு பாட்டு வழியாத்தான் மொழி சரளமாச்சு. செட்டோ லீலோங்கற பாட்டு முறை மட்டும் வேற கதை. அது தென்கிழக்கு மூலையில இருக்கற செட்டோ மக்களோடது, 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது, குரல் பின்னற விதமே தனி. யூட்யூப் பாத்து காப்பி அடிக்காம ஆகஸ்ட் மாசம் செட்டோ ராஜ்ஜிய நாள்ங்கற அவங்க திருவிழாவுக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க பாட்டிங்க பக்கத்துல நின்னு கேக்கட்டும். சோவியத் காலத்துல, 1970ல தல்லின்ல லீகயுஸ்னு ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஆரம்பிச்சாங்க, அவங்களும் கிராமத்துப் பாட்டிங்க கிட்ட போய்தான் கத்துக்கிட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி அது ஒண்ணுதான்.

மீனா: அக்கா, வாத்து விடுகதைல நாலு மூக்கு எப்படி? இன்னொண்ணும் போடுங்க.

உள்ள வாத்து இறகு, நாலு மூலை, முடிஞ்சுது! இன்னொண்ணு: ஒட்டு மேல ஒட்டு, துணி மேல துணி, ஊசியே குத்தல.

மீனா: வெங்காயம்?

கிட்ட வந்துட்ட. முட்டைக்கோஸ்.