கரண்ட் போய் வந்தால் நெட்வொர்க் ஸ்விட்சின் தேதி 1993-க்குப் போகிறது, என்டிபி கொடுத்தும் மாறவில்லை

கையால் நேரம் வைத்தால் நிற்காது. சிஸ்கோவின் பல சிறிய ஸ்விட்ச்களில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. கரண்ட் வந்ததும் 1993 மார்ச் 1-இல் தொடங்கும். என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) சர்வர் பதில் சொன்னால்தான் இன்றைய தேதிக்கு வரும்.

உங்களுக்கு அந்தப் பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன். வழியில் ஃபயர்வால், என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட்டைத் தடுத்திருக்கலாம். பிங் போவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது வேறு புரோட்டோகால்.

1. என்டிபி அசோசியேஷன் பட்டியலில் ‘ரீச்’ எண்ணைப் பாருங்கள். 377 என்றால் கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது (எட்டை அடியாகக் கொண்ட எண் முறையில் காட்டும்). 0 என்றால் ஒன்றுமே வரவில்லை.

2. ரீச் 0 என்றால், மேனேஜ்மென்ட் விலேனை (ஸ்விட்சை நிர்வகிக்கும் தனி நெட்வொர்க்) என்டிபி சோர்ஸாக, அதாவது கேள்வி கிளம்பும் முகவரியாக, வையுங்கள். ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு 123-ஐத் திறந்துவிடுங்கள்.

3. ரீச் 377, ஆனால் ஸ்ட்ரேட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்ற எண்) 16 என்றால், கோளாறு அந்த சர்வரில். அதுவே எதனோடும் ஒத்திசையவில்லை. வேறு சர்வர் கொடுங்கள்.

மாற்றியவுடன் சரியாகிவிடாது, பத்து நிமிடமாவது விடுங்கள். என்டிபி யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை மட்டுமே தரும். டைம்சோனைத் தனியாக அமைக்காவிட்டால், ஒத்திசைந்த பிறகும் மணி தவறாகத்தான் தெரியும்.