பொருத்தனை தவறினால் உடன்படிக்கை முறிந்துவிடுமா?

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பதாகக் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்தேன். சித்தியடைந்தான். ஆனால் வெறும் வயிற்றோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப்போய் மலையில் மயங்கி விழுந்தேன். அதோடு உபவாசத்தை விட்டுவிட்டேன். இப்போது அவனுக்கு இரவெல்லாம் மூச்சு இழுப்பு. உடன்படிக்கையை நான் மீறியதால் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்கிறார் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வந்த சண்டைக்குப் பிறகு பக்கத்துக் காம்பராவில் (லயன் அறையில்) இருக்கும் நாத்தனாரோடும் பேச்சு இல்லை.
— வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளையை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இழுப்புக்கு மருந்து இருக்கிறது. பிறவிக்குருடனைப் பார்த்து, "இது யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9). அந்த அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டலாம்.

பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற தோட்டக் கணக்கைக் கர்த்தருடைய தலையில் கட்டுகிறார் அவர். வேதத்தில் கணக்கு வேறு. யாத்திராகமம் 20-ல் முதல் கட்டளைக்கு முன்னால் என்ன இருக்கிறது, பாருங்கள்: உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர் நான். விடுதலை முந்தி, கட்டளை பிந்தி. ஆபிரகாம் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் துண்டித்த மிருகங்களுக்கு நடுவே நடந்துபோவார்கள். ஆதியாகமம் 15-ல் ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) அயர்ந்து தூங்குகிறார். தேவனுக்கு அடையாளமான புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. பொறுப்பைத் தேவனே ஏற்றுக்கொள்கிறார். ஆபிராம் செய்தது, விசுவாசித்தது. விருத்தசேதனக் கட்டளைகூட 17-ம் அதிகாரத்தில்தான் வருகிறது.

அப்படியானால் கீழ்ப்படியாமல் இருக்கலாமா? கூடாது. மகன் ஈசாக்கைப் பலியாகக் கொடு என்று தேவன் சொன்னபோது அதே ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து புறப்பட்டாரே. நம்பியவர் நடந்தார்.

பொருத்தனையை அற்பமாக எண்ணாதீர்கள். பிரசங்கி 5 அதைக் கண்டிப்பாகவே சொல்கிறது. ஆனால் லேவியராகமம் 27-ஐப் பலர் புரட்டுவதே இல்லை. பொருத்தனை செய்தவன் குறித்த மதிப்பைக் கொடுக்க முடியாத ஏழையானால், அவனுடைய திராணிக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று கர்த்தரே வழி வைத்திருக்கிறார். உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வெள்ளி இரவில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்பது உங்கள் உடம்பு தாங்கும். சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போங்கள்.

ஒன்று சொல்வேன், கோபிக்காதீர்கள். உபவாசத்தை நினைத்து இவ்வளவு கலங்குகிற நீங்கள் நாத்தனார் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உபவாசம் நீங்களாக விரும்பி ஏற்றது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது (மத்தேயு 5) கர்த்தர் கேட்டது. இந்த வாரமே போய்ப் பேசுங்கள். தண்ணீர் பிடிக்க யார் முதலில் குடம் வைத்தது என்பதை மட்டும் மறுபடி கிளறாதீர்கள்.