கேளுங்கள், சொல்கிறேன்: ஆகாயத்தில் பதிவேடு இருக்கிறதா?

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி): என் தங்கையின் கணவர் போன வருடம் தவறிவிட்டார். அவள் இப்போது ஆன்லைனில் 'ஆகாஷிக் ரெக்கார்ட்ஸ்' வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உலகத்தில் நடந்ததெல்லாம் ஆகாயத்தில் பதிவாகியிருக்கிறதாம், அதைப் படிக்கக் கற்றுத் தருவார்களாம். முதல் கட்டத்துக்கு 12,000 ரூபாய் கட்டிவிட்டாள். உபநிஷத்திலேயே இது இருக்கிறது என்கிறாள். இருக்கிறதா ஐயா?

பதில்: ஆகாயம் இருக்கிறது அம்மா. பதிவேடு இல்லை.

ஆன்மாவிலிருந்து ஆகாயம், அதிலிருந்து காற்று, பிறகு தீ, நீர், நிலம் என்று தைத்திரீய உபநிஷதம் வரிசை சொல்கிறது. நம் பரிபாடலிலும் வானம்தான் முதலில் வருகிறது. 'கரு வளர் வானத்து இசையின் தோன்றி' என்று ஒலியோடு சேர்த்தே அதைப் பாடுகிறார் கீரந்தையார்.

ஆகாயம் என்று ஒன்று ஏன் இருந்தாக வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்கள் வைசேஷிகர்கள், நம் பழைய தத்துவப் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். எனக்குக் கும்பகோணத்தில் தர்க்கம் சொல்லிக்கொடுத்த பெரியவர் இந்த வாதத்தை ஒரு வெண்கலச் சொம்பை வைத்துத்தான் நடத்துவார். விரலால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டதும் உள்ளங்கையை வைத்து அழுத்துவார், சத்தம் நின்றுவிடும். "சொம்பு இருக்கு, அதன் நிறம் இருக்கு, சத்தம் எங்கே போச்சு? வெண்கலத்தின் குணமென்றால் நிறத்தைப் போல அதோடயே இருக்கணுமே?" என்பார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழிப்போம். தொட்டு அறியும் நிலம், நீர், தீ, காற்று நான்குக்கும் ஒலி குணமாகாது. காதால் கேட்பதால் ஆன்மாவுக்கும் ஆகாது. காலம், திசை, மனம் மூன்றும் கழிந்தால், அவர்கள் சொன்ன ஒன்பது திரவியங்களில், அதாவது அடிப்படைப் பொருள்களில், மிச்சம் ஒன்றுதான். அதுவே ஆகாயம்: ஒன்றே ஒன்று, எங்கும் நிறைந்தது, அழியாதது. நம் காதுக்குள் அடைபட்ட ஆகாயம்தான் கேட்கிற புலன் என்றும் சொன்னார்கள்.

உங்கள் தங்கைக்கு வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. ஆகாயம் அழியாதது என்ற அதே வைசேஷிகர்கள், ஒலி அழிவது என்று அடித்துச் சொன்னார்கள். ஓர் ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்துவிட்டுத் தான் மறைகிறது, குளத்து அலை அடுத்த அலையை எழுப்புவது போல. ஆகாயத்தில் அது தங்குவதே இல்லை. சரி, நடந்ததன் தடம் எங்கே தங்கும்? அதற்குச் சம்ஸ்காரம் என்று பெயர் வைத்து, அதை ஆன்மாவின் குணமாகச் சேர்த்தார்கள். ஒலி நித்தியம் என்று எதிர்வாதம் செய்த, வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்களும் எழுத்தொலிகளைத்தான் சொன்னார்கள், வீட்டில் நடந்த நிகழ்ச்சிகளை அல்ல. நம் மரபில் கணக்கு எழுதுபவர் சித்திரகுப்தர். காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே உண்டு. அவர் கையில் இருப்பது ஏடும் எழுத்தாணியும்.

ஆகாயப் பதிவேடு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கி 1882இல் சென்னை அடையாறுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட பிரம்மஞான சபையினர், நம் ஆகாயத்தையும், ஒளியைச் சுமக்க எங்கும் நிறைந்திருப்பதாக ஐரோப்பிய விஞ்ஞானிகள் நினைத்த ஈதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். அவர்களில் லெட்பீட்டர் 1899இல் எழுதிய நூல் பதிவேட்டைப் பரப்பியது. பிறகு ஜெர்மன் மொழியில் தத்துவவாதி ஸ்டெய்னரும், அமெரிக்காவில் குறிசொல்லி எட்கர் கேசியும் அதைப் பேசினார்கள். அங்கெல்லாம் சுற்றிவிட்டுத்தான் இப்போது உங்கள் தங்கையின் செல்போனுக்கு வந்திருக்கிறது.

தங்கையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆலிவர் லாட்ஜ் என்ற பெரிய பிரிட்டிஷ் இயற்பியலாளர், 1915இல் போரில் மகனைப் பறிகொடுத்தபின், ஆவியோடு பேசுபவர்கள் மூலம் மகனிடமிருந்து சேதி வந்ததாக நம்பி ஒரு புத்தகமே எழுதினார். துக்கம் அப்படிப்பட்டது. ஆனால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கட்ட விடாதீர்கள். கணவரைப் பற்றிப் பேச அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): விவேகானந்தரிடம் ஆகாசத்தைப் பற்றிக் கேட்டுத்தான் டெஸ்லா மின்சாரக் கண்டுபிடிப்புகளைச் செய்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஈதரை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதா?

பதில்: இருவரும் பேசியது உண்மை. 1896 பிப்ரவரி 13 தேதியிட்ட கடிதத்தில் சுவாமிஜி அதை எழுதியிருக்கிறார். பிராணன், ஆகாசம் பற்றிக் கேட்டு டெஸ்லா மகிழ்ந்தாராம். சக்தியும் பொருளும் ஒன்றில் அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியும் என்றாராம். ஆனால் டெஸ்லாவின் மாறுமின்னோட்ட மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது 1888இல். அந்தச் சந்திப்புக்கு எட்டு வருடம் முன்பே!

ஈதர் நிரூபிக்கப்படவில்லை. 1887இல் கிளீவ்லாந்தில் மைக்கெல்சனும் மோர்லியும் ஒன்றரை மீட்டர் சதுரக் கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கண்ணாடிகளை வைத்து, ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்துச் சேர்த்தார்கள். சேருமிடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரியும். பூமி ஈதருக்குள் நகர்ந்தால், கல்லைத் திருப்பும்போது ஒளிப்பட்டைகள் ஒரு பட்டையில் 0.4 பங்கு நகர வேண்டும். தெரிந்த நகர்வு, எதிர்பார்த்ததில் 20இல் ஒரு பங்குகூட இல்லை. 1905இல் ஐன்ஸ்டைன், ஈதர் தேவையே இல்லை என்றார்.

இதனால் ஆகாயம் பொய்த்தது என்றும் சொல்லிவிடாதீர்கள். ஈதர் ஒளியைச் சுமக்கக் கேட்கப்பட்டது; வைசேஷிகத்தில் ஒளி தீயைச் சேர்ந்தது, ஆகாயம் ஒலிக்காக. அந்த ஒலிக்கும் காற்று போதும் என்று இன்று தெரியும். கண்ணாடி ஜாடிக்குள் மணியடிக்கவிட்டுக் காற்றை உறிஞ்சினால் சத்தம் தேய்ந்துபோவதை நான் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அதற்காகச் சொம்பு வாதத்தின் நேர்த்தி எனக்குக் குறைந்துவிடவில்லை. கையில் இருந்ததை வைத்துக் கடைசிவரை யோசித்திருக்கிறார்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): சமணரும் பௌத்தரும் ஆகாயத்தை ஏற்றார்களா?

பதில்: பௌத்தர்களின் மகாபூதங்கள் நான்குதான், ஆகாயம் அதில் சேராது. ஆனால் அவர்களில் சர்வாஸ்திவாதிகள் என்ற பிரிவினர் அதை ஆக்கப்படாத, மாறாத ஒன்றாக வைத்தார்கள். சமணர்களுக்கு ஆகாயம் ஆறு திரவியங்களில் ஒன்று. அதன் வேலை இடம் கொடுப்பது. ஒலியை அவர்கள் சடப்பொருளிலேயே சேர்த்துவிட்டார்கள். அவர்களிடம் தர்மம் என்று தனியாக ஒரு திரவியம் உண்டு. இங்கே அறம் என்று பொருள் கொள்ள வேண்டாம். உலகமெங்கும் பரவி, தான் அசையாமல், எதையும் தள்ளாமல், அசைகிறவற்றுக்கு அசைவு நடக்க உதவுவது அது. ஐரோப்பியர் தேடிய ஈதருக்கு நம் ஆகாயத்தைவிட அதுதான் கிட்டத்தில் வருகிறது என்பது என் எண்ணம்.